தடியா, இரும்பா, கான்கிரீட்டா: ஒரு வராண்டா உத்திரத்தின் கணக்கு

அம்மாவின் ஓட்டு வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில். கடலுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. இந்தத் தடவை ஊருக்குப் போனபோது வராண்டாவின் முன்பக்க உத்திரம் நடுவில் தொய்ந்திருந்தது. இரண்டு முனைக்கும் நூல் பிடித்து அளந்தேன். 12 அடி நீளத்தில் நடுவே 55 மில்லிமீட்டர் இறக்கம், அதாவது இரண்டு இஞ்சுக்கு மேல். ஓடு வரிசை விலகி, மழை வந்தால் இரண்டு இடத்தில் ஒழுகியது.

மாற்றியே ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எதைப் போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. கான்கிரீட் பீம் வார்த்துவிட்டால் தலைமுறைக்கும் கவலையில்லை என்றார் மாமா. நாலுக்கு இரண்டு இஞ்சு பாக்ஸ் பைப் (சதுரமுனை இரும்புக் குழாய்) போட்டு அரைநாளில் முடித்துத் தருகிறேன் என்றான் வெல்டிங் பட்டறைத் தம்பி. ஆசாரி அயனித் தடியை (காட்டுப்பலா மரம்) தவிர வேறெதுவும் பேசவில்லை. எங்கள் ஊரில் அறுத்த மரத்துக்குத் தடி என்றுதான் பெயர். கம்பு என்று நினைத்துவிட வேண்டாம். அம்மா மட்டும், "அப்பா போட்டது நாப்பது வருசம் கெடந்துல்லா, இன்னும் கெடக்கட்டு" என்றாள்.

கவனித்தால் மூன்று ஆண்களும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: "பலமா இருக்கும்." நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உறுத்தியது. பழைய உத்திரம் பலமில்லாமல் போகவில்லை. அது முறியவில்லை, விரியவில்லை, கறையான்கூடத் தொடவில்லை. தொய்ந்தது, அவ்வளவுதான். முறியாமல் தாங்குவது ஒரு குணம், வளையாமல் நிற்பது இன்னொரு குணம். முதலாவதை வலிமை என்றும் இரண்டாவதை விறைப்பு என்றும் வைத்துக்கொள்வோம். வீட்டுக்கூரையில் பெரும்பாலும் நம்மைப் படுத்துவது இரண்டாவது.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல ரப்பரே போதும். குலசேகரம், அருமனைப் பக்கம் ஷீட் அடிப்பவர்களுக்குத் தெரியும், நல்ல ரப்பரைப் பல மடங்கு நீளத்துக்கு இழுக்கலாம், அறுந்துபோகாது. ஆனால் அதை வைத்து உத்திரம் போட முடியாது. கண்ணாடி நேர்மாறு. கண்ணுக்குத் தெரிகிற அளவு வளையாது, வளையவேண்டிய இடம் வந்தால் உடைந்துவிடும்.

ஒரு பொருளைக் கொஞ்சமாக இழுத்தால் இழுப்புக்கேற்ற அளவில் நீளும், விட்டால் பழையபடி திரும்பும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். பதினொன்றாம் வகுப்பில் தகைவு (ஒரு சதுர அளவுக்கு விழும் விசை), திரிபு (நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது) என்று படித்தது இதுதான். தகைவைத் திரிபால் வகுத்தால் வருவது யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பு. இரும்புக்கு அது 200 கிகாபாஸ்கல். கண்ணாடிக்கு 70. கான்கிரீட்டுக்கு 25ஐ ஒட்டி. தேக்கு, அயனி போன்ற தடிக்கு நார் ஓடும் திசையில் 10 அளவில். ரப்பருக்கு ஒன்றில் நூறில் ஒரு பங்குகூட வராது.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும், இரும்பு தடியைவிட 20 மடங்கு விறைப்பு, அப்புறம் என்ன யோசனை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் உத்திரம் வளைவதைத் தீர்மானிப்பது பொருள் மட்டுமல்ல. அதன் உயரமும் நீளமும் அதைவிட அதிகமாகப் பேசும்.

பழைய உத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 4×6 இஞ்சுத் தடி. அப்பா காலத்தில் வேலை செய்தவர் யாரோ அதைப் படுக்கப் போட்டிருந்தார்: 6 இஞ்சு அகலம், 4 இஞ்சு உயரம். சுவரில் உட்காரத் தோதாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம். விறைப்பு உயரத்தின் மூன்றாம் அடுக்குக்குப் போகும். அதனால் அதே தடியை நிமிர்த்தி 6 இஞ்சு உயரமாக வைத்திருந்தால் இரண்டேகால் மடங்கு விறைப்பு கிடைத்திருக்கும், ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல். ஸ்கேலைப் படுக்கவைத்து வளைத்துப் பாருங்கள், பிறகு நிமிர்த்தி வளைத்துப் பாருங்கள். படுத்திருக்கும் சட்டத்தைவிட நிமிர்ந்த சட்டம் முறிவதற்கு அதிகம் எதிர்ப்புக் காட்டும் என்று கலிலியோ 1638இலேயே எழுதிவிட்டார். ஆசாரியிடம் இதைச் சொன்னேன். அவர் கலிலியோவைச் சட்டை செய்யவில்லை. "தடிய உறங்கப் போட்டா அது உறங்கத்தான் செய்யும் மக்களே" என்றார்.

கணக்கும் அவர் பக்கம்தான். ஓடு, அதைத் தாங்கும் ரீப்பர், கைமரச் சட்டங்கள் எல்லாம் சேர்த்து எங்கள் உத்திரத்தின் மேல் மீட்டருக்குச் சுமார் 150 கிலோ வருகிறது. அந்தச் சுமைக்கும் தன் எடைக்குமாகப் படுத்திருக்கும் 4×6 தடி உடனடியாக 28 மி.மீ. வளையும். ஆனால் நான் அளந்தது 55. மீதி எங்கிருந்து வந்தது?

காலத்திலிருந்து. ஹூக் சொன்னது சுமை வைத்த அந்த நேரத்துக்குச் சரி. தடி நாற்பது வருடம் அதே சுமையைச் சுமந்தால் மெல்ல மெல்ல இளகிக்கொடுக்கும். நாள்பட்ட தொய்வு முதல்நாள் தொய்வைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம் என்று வைத்துத்தான் கட்டடக் கணக்குப் போடுவார்கள். போதாக்குறைக்கு நம் மாவட்டத்தில் இரண்டு மழை. ஆனியில் தென்மேற்கு, ஐப்பசியில் வடகிழக்கு. சுமையோடு நிற்கும் மரம் ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்கி, மறுபடி ஊதும்போது தொய்வு இன்னும் வேகமாகக் கூடும். 28ஐ இரண்டால் பெருக்கினால் 56. நூலில் கிடைத்ததோ 55. கணக்கு இவ்வளவு நெருங்கி வந்தது தற்செயல் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு சின்ன சந்தோஷம்.

இதெல்லாம் நடந்தும் அந்தத் தடிக்குள் இருந்த தகைவு 10 மெகாபாஸ்கல் அளவுதான். முறிய வேண்டுமானால் இன்னும் பல மடங்கு வேண்டும். அம்மா சொன்னதில் பாதி நியாயம் உண்டு, அது விழப்போவதில்லை. ஆனால் ஓட்டுக்கு அது போதாது. ஓடு, ஸ்லேட் மாதிரி வளையத் தெரியாத பொருளைத் தாங்கும் உத்திரம் நீளத்தில் 360இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக்கூடாது என்பது மர வேலைக்கான இந்தியத் தர விதி. 12 அடிக்கு அது 10 மி.மீ. எங்கள் தேர்வுக்கு அளவுகோல் இதுதான்: பத்து மில்லிமீட்டர். எது பலம் என்ற கேள்வியை அத்தோடு ஓரமாக வைத்துவிட்டேன்.

இனி ஒவ்வொன்றாக.

கான்கிரீட்டை முதலில் முடித்துவிடுகிறேன், மாமா இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில். 9×12 இஞ்சு பீம் வார்த்தால் அதன் சொந்த எடையே மீட்டருக்கு 170 கிலோவுக்கு மேல். அது தாங்கவேண்டிய கூரையோ 150. தலையைவிடத் தலைப்பாகை கனம். அதை எங்கள் வீட்டின் பழைய வெட்டுக்கல் சுவரில் உட்கார வைக்க வேண்டும். கான்கிரீட்டை அழுத்தினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். வளையும் எந்த உத்திரத்திலும் மேல்பாதி அழுந்தும், கீழ்பாதி இழுபடும். அதனால்தான் கீழே கம்பி போடுகிறோம். சுசீந்திரம் கோயில் பிராகாரத்தில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்பதற்கும் இதே காரணம் உண்டு. கல்லும் இழுப்பில் பலவீனம், கல் உத்திரத்தை நீளமாக விடமுடியாது. கல்லுக்குள் கம்பி போடவும் முடியாது.

கம்பிதான் கடலோரத்தில் சிக்கல். உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியை எட்டினால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கரையோரக் கட்டடங்களில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. எங்கள் பகுதியில் நான் பார்த்த சன்ஷேடுகளில் அதில் பாதிகூட இருக்காது. அடியில் பாளம் பாளமாகப் பெயர்ந்து கம்பி தெரியும் சன்ஷேடுகளை எண்ணிக்கொண்டே நடக்கலாம். கான்கிரீட்டே மோசம் என்று சொல்லவரவில்லை. 1966இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் 28 தூண்களில் இன்னும் நிற்கிறது. அதைக் கட்டியவர்கள் கவனத்தோடு கட்டினார்கள். ஒரு வராண்டாவுக்காக ஒருநாள் கூலிக்கு வருபவரிடம் அந்தக் கவனத்தை எதிர்பார்க்க எனக்கு மனமில்லை.

அடுத்தது பைப். இதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் இதில்தான் ஆசை. இரும்பு அழகாக நடந்துகொள்ளும் பொருள். ஒரு எல்லை வரை ஹூக் சொன்னபடி திரும்பிவரும். சாதாரண இரும்புக்கு அந்த எல்லை 250 மெகாபாஸ்கல். அதுவரை அது நீள்வது ஆயிரத்தில் ஒன்றேகால் பங்குதான். அதைத் தாண்டினாலும் பட்டென்று அறாது. நிரந்தரமாக வளைந்துகொடுக்கும், கடைசியில் அறுவதற்குள் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் நீண்டிருக்கும். உதவிக்கு வா என்று கூப்பிட்டுவிட்டுத்தான் விழும். சாதாரண வெயிலில், இந்த மாதிரிச் சுமையில், காலம் போகப்போகத் தொய்வதும் கிடையாது.

சரி, 4×2 இஞ்சு, 3 மி.மீ. கனமுள்ள பாக்ஸ் பைப்பை நிமிர்த்தி வைத்தால் எங்கள் சுமைக்கு எவ்வளவு வளையும்? கிட்டத்தட்ட 16 மி.மீ. நிமிர்த்திய 4×6 தடி முதல்நாள் 12 அல்லது 13 வளையும். தடியைவிட 20 மடங்கு விறைப்பான பொருள், தடியைவிட அதிகமாக வளைகிறது! காரணம், பைப்பில் பொருள் கொஞ்சம், உயரமும் கொஞ்சம். தம்பியிடம் சொன்னேன், நம்பவில்லை. கால்குலேட்டரைக் காட்டினேன், அப்போதும் நம்பவில்லை.

குழாயாக இருப்பது தவறில்லை, நல்ல யோசனைதான். வளையும்போது மேல்விளிம்பும் கீழ்விளிம்பும்தான் கஷ்டப்படுகின்றன, நடுப்பகுதி சும்மா இருக்கிறது. பொருளை விளிம்புக்குத் தள்ளினால் எடை குறையும். பனை இதை எப்போதோ செய்துவிட்டது. பனையை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளிச்சுற்றில் கறுப்பு நாரோடு வைரம், உள்ளே சோறு போல மென்மை. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது ரப்பர்த் தோட்டங்களில் மரங்கள் வரிசையாக முறிந்து கிடந்தன. எங்கள் விளையில் (தோட்டத்தில்) பனை ஆடிவிட்டு நின்றது. பனைத் தடியை நான் உத்திரத்துக்கு யோசிக்காததற்கு வேறு காரணம். வைரப் பகுதியின் கனம் கைமரத்துக்குச் சரியாக இருக்கும், 8 இஞ்சு உயரத்தில் முழுச் சட்டமாகக் கிடைக்காது. பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்ததும் நல்லதுக்குத்தான்.

பைப்புக்கு வருவோம். உயரத்தைக் கூட்டி, 5 அல்லது 6 இஞ்சுப் பைப் எடுத்தால் 10 மி.மீ.க்குள் வந்துவிடும். அங்கேதான் துரு குறுக்கே வருகிறது. 3 மி.மீ. சுவரில் 1 மி.மீ. துருவில் போனால் மூன்றில் ஒரு பங்கு விறைப்பும் போகும். தடியின் மேல்தோல் 1 மி.மீ. போனால் யாருக்கும் தெரியாது. பைப்புக்கு உள்ளே பெயின்ட் அடிக்க வழியில்லை. முனையை மூடி வெல்ட் வைக்காவிட்டால் உப்புக்காற்று உள்ளே புகுந்து, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தின்றிருக்கும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் கடல் நடுவே இரும்பை நம்பித்தான் நிற்கிறது. அதற்குப் பராமரிப்புக்கு ஆள் உண்டு. அம்மாவுக்கு 71 வயது, பெயின்ட் டப்பாவோடு ஏணியில் ஏறமாட்டாள். பாலத்தில் கண்ணாடி மேல் நடக்கப் பயப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: இப்படிப்பட்ட தளங்களில் கண்ணாடியை ஒற்றைத் தகடாகப் போடுவதில்லை. அடுக்கி நடுவே ஒட்டுப்படலம் வைப்பார்கள், ஒன்று உடைந்தாலும் மற்றது தாங்கும். முன்னறிவிப்பில்லாமல் உடையும் பொருளை வைத்து அப்படித்தான் கட்ட முடியும்.

பைப் வாங்குபவர்கள் எடை போட்டு வாங்குங்கள். நான் மாதிரிக்குப் பார்க்கப் போன கடையில் 3 மி.மீ. என்று சொல்லிக் காட்டிய 12 அடித் துண்டு 17 கிலோதான் இருந்தது. 3 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 24 கிலோ இருக்க வேண்டும். அது 2 மி.மீ. பைப். அதைப் போட்டிருந்தால் தொய்வு 16 அல்ல, 23. கடைக்காரரிடம் கேட்டேன். எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். அதற்கு மேல் என்ன பேச?

கடைசியாகத் தடி. 4×8 அயனியை நிமிர்த்தி வைத்தால் முதல்நாள் தொய்வு 5 மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். வருடங்கள் போய் இரட்டித்தாலும் பத்தரை. விதிக்கு அரை மில்லிமீட்டர் கூடுதல். அந்த அரையை ஆசாரி எப்படிச் சமாளித்தார் என்று பிறகு சொல்கிறேன். இரண்டேமுக்கால் கன அடிக்குள் தடி போதும். உப்புக்காற்று மரத்தை ஒன்றும் செய்யாது. கறையானும், சுவருக்குள் நுழையும் முனையில் ஈரமும்தான் எதிரி. முனையைச் சுற்றிக் காற்றோட்டம் விட்டு, முந்திரி ஓட்டு எண்ணெய் பூசிவிட்டால் பயமில்லை. ரப்பர்த் தடி மலிவாக வருமே என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். மருந்து ஏற்றாத ரப்பர்த் தடியை வண்டு விடாது, வெளி உத்திரத்துக்கு அது வேண்டாம். பச்சைத் தடியும் வேண்டாம். சுமையோடு உலரும் தடி உலர்ந்த பிறகு ஏற்றிய தடியைவிட அதிகம் தொய்யும்.

இத்தனைக்கும் நடுவே எல்லாவற்றையும்விட மலிவான வழி ஒன்று இருந்தது. நடுவில் ஒரு தூண். 12 அடி இரண்டு ஆறடியாகும். அதே சுமையில் நீளம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒன்றாகும். பழைய தடியை அப்படியே படுக்க வைத்திருந்தால்கூட இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கும். பொருளும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். அம்மாவிடம் சொன்னேன்.

"வாசலுக்கு நேரே தூணு நாட்டுனா, நாளைக்கி என்னிய எப்பிடி வெளிய எடுப்பிய?"

அந்தத் தேர்வு அத்தோடு முடிந்தது.

அயனியே போட்டோம். ஆனால் இதை எல்லா வீட்டுக்கும் சொல்லமாட்டேன். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் கடலை விட்டு உள்ளே இருந்து, 18, 20 அடி நீளம் தாண்ட வேண்டும் என்றால் கனமான ஐ பீமே (I வடிவ இரும்பு உத்திரம்) சரி. அந்த நீளத்துக்கு நல்ல தடி தேடி அலைவது வீண். மேலே மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் தயங்காமல் கான்கிரீட், ஒழுங்கான பொறியாளரை வைத்து. ஓட்டை எடுத்துவிட்டு ஷீட் போடப் போகிறவர்களுக்கு 4×2 பைப் தாராளம். ஆனால் அப்போது சுமை கீழே இழுப்பதைவிடக் காற்று மேலே தூக்குவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்; ஓகியை மறந்துவிடக் கூடாது.

வேலை நாளில் ஒரு காட்சியைப் பார்க்கக் காத்திருந்தேன். ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்க இறக்கப் பழைய உத்திரம் மெல்ல நிமிர்ந்தது. நூலை விடாமல் கட்டியே வைத்திருந்தேன். கடைசி ஓடும் கைமரமும் இறங்கியபோது இறக்கம் 29 மி.மீ. 26 மி.மீ. மேலே வந்துவிட்டது, அத்தோடு நின்றது. திரும்பிய இஞ்சு ஹூக்குக்கு, திரும்பாத இஞ்சு நாற்பது வருடத்துக்கு.

ஆசாரி புதுத் தடியைக் கையில் வாங்கியதும் ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். எல்லாத் தடிக்கும் கொஞ்சம் முதுகு, அதாவது இயல்பான வளைவு, உண்டு. இதற்கும் இருந்தது, ஒரு 4 மி.மீ. முதுகை மேல்பக்கமாக வைத்து ஏற்றினார். தொய்யப்போகும் பத்தரையில் நாலை அங்கேயே கழித்துவிட்டார், எந்தக் கணக்கும் போடாமல். பழைய உத்திரத்தை இரண்டாக அறுத்து மாட்டுத்தொழுவத்துக்கு ஆறடி உத்திரங்களாக நிமிர்த்திப் போட்டார்.

ஓடு மேய்ந்து முடித்ததும் மறுபடி நூல் பிடித்தேன். நடுவில் இறக்கம் ஒன்றரை மி.மீ. ஐப்பசி மழை கழிந்ததும் அளந்து சொல்லும்படி அம்மாவிடம் நூலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த நூலில் அவள் பிச்சி கட்டிவிடாமல் இருந்தால் சரி.